குயில்முடிக்காரர்

மாதம் ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதித் தருவதாகப் பத்திரிகை ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். இந்த மாதம் ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அந்தச் சொல் ஒரு மனிதரின் குடும்பப் பெயர். ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். பெயர் என்பதும் ஒரு கதைதான். அதை ஒருவர் எழுதத் தொடங்குகிறார். பல பேர் திருத்துகிறார்கள். எங்கோ ஒரு மூலையில் யாரோ ஒருவர் முடித்து வைக்கிறார். ஆகையால் ஒரு கதையை எடைபோடுகிற மாதிரியே ஒரு பெயரையும் எடைபோட்டுப் பார்க்கலாம்.

சென்ற தை மாதம் தேனியிலிருந்து கம்பத்துக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பஸ் புறப்பட்ட நிலையத்துக்கே அந்தப் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுயிக்கின் பெயர். வீரபாண்டியைத் தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் இரண்டாம் போகத்து நெற்பயிர். மேற்கே மலை நீலமாக நின்றது. எனக்கு முன் ஆசனத்தில் ஓர் இளம் தாயும் ஐந்து வயதுப் பையனும். பையன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"டேய் பென்னிகுக்கு! தலைய உள்ள இழுடா!" என்றாள் தாய்.

என் பக்கத்தில் மூக்குக் கண்ணாடி அணிந்த பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற உபாத்தியாயர் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அவரால் பொறுக்க முடியவில்லை. "பென்னிகுயிக்னு சொல்லணும், அம்மா. எழுத்து அப்படித்தான் இருக்கு. பெரியவங்க பேரைச் சிதைக்கக் கூடாது" என்றார்.

அந்தப் பெண் கோபப்படவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. "எங்க மாமனாரு வச்ச பேருங்க, சார். அவுக இப்படித்தான் கூப்புடுவாக" என்று சொல்லிவிட்டுப் பையனை மடியில் இழுத்துக்கொண்டாள்.

இந்த வழக்கில் யார் கட்சி ஜயிக்கும்? பெரியவரின் எழுத்தா, மாமனாரின் நாக்கா? ஊருக்குத் திரும்பிய பிறகு இதே நினைவாக இருந்தது. என் தொழிலில் பாதி, பெயர் வைப்பதுதான். ஒரு பாத்திரத்துக்குச் சரியான பெயர் அகப்படாமல் முழு நாவலும் படுத்துக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு. ஆகவே அந்தப் பெயரை ஆதியிலிருந்து படித்துப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் என்கிற வழக்கம் பெரும்பாலும் கிடையாது. அப்பாவின் பெயரில் முதல் எழுத்தை வெட்டி நம் பெயருக்கு முன்னால் ஒட்ட வைத்துக்கொள்கிறோம். அடுத்த தலைமுறையில் அந்த எழுத்து உதிர்ந்துவிடும். நம் எழுத்து ஏறிக்கொள்ளும். ஐரோப்பாவில் அப்படியில்லை. ஒரு பெயர் ஒரு குடும்பத்தில் ஒட்டிக்கொண்டால் பத்துத் தலைமுறை, இருபது தலைமுறை என்று பிள்ளைகள் அதைச் சுமந்துகொண்டே போகிறார்கள்.

அந்தப் பெயர்கள் வந்த வழி எளிமையானது. ஜெர்மானியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மியூலர் என்றால் மாவு அரைப்பவர். ஷ்மிட் என்றால் கொல்லர். பெர்கர் என்றால் மலையில் குடியிருப்பவர். கிளைன் என்றால் குட்டையானவர். தொழில், இடம், உருவம், தகப்பன் பெயர் – இந்த நான்கு வாசல்களில் ஒன்றின் வழியாகத்தான் பெரும்பாலான பெயர்கள் உள்ளே வந்திருக்கின்றன. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் படித்து, தமிழில் புத்தகம் அச்சடித்தாரே, அந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு – அவர் பெயரில் ஒளிந்திருப்பவை வெள்ளாடும் தோலும். நம்மவர்கள் வாயில் அது நன்றாகத் தேய்ந்து, ஏதோ பழைய தமிழ்ப் பெயர் போலவே ஆகிவிட்டது. குக்குக் என்றே ஒரு ஜெர்மன் குடும்பப் பெயர் இருக்கிறது. அதன் பொருள் குயில்.

குயில் என்றதும் நம் கர்னலிடம் வந்துவிட்டோம்.

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்குத் தெற்கே பத்து மைல் தூரத்தில், எஸ்க் என்ற ஆற்றின் கரையில், ஒரு சிறு நகரம் உண்டு. அந்த ஊரின் பெயர்தான் இந்தக் குடும்பப் பெயரின் வேர். அந்தப் பெயர் இங்கிலீஷ் அல்ல. இங்கிலீஷ் அந்தப் பக்கம் வருவதற்கு முன்னால் அங்கே வழங்கிய பழைய மொழியைச் சேர்ந்தது. வேல்ஸ் மொழிக்கு நெருங்கிய உறவு. மொழி அங்கே வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. ஊர்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. பென் என்றால் தலை, முடி, உச்சி. கடைசியில் வரும் சொல்லுக்குப் பொருள் குயில். இரண்டையும் சேர்த்தால் குயிலின் குன்று. மூணாற்றுப் பக்கம் யானையின் தலை போல நிற்கும் சிகரத்தை நாம் ஆனைமுடி என்று சொல்கிறோம் அல்லவா? அந்தக் கணக்கில் இதைக் குயில்முடி என்று மொழிபெயர்த்துவிடலாம். அந்த ஊர்க் குயில் நம் குயில் அல்ல; அதன் இனத்தைச் சேர்ந்த வேறொரு பறவை. ஆனாலும் அதுவும் தன் குரலையே பெயராக வாங்கிக்கொண்ட பறவைதான்.

எந்தக் காலத்திலோ ஒரு மனிதன் அந்தக் குன்றைப் பார்த்தான். அங்கே வசந்த காலத்தில் ஒரு பறவை கூவுவதைக் கேட்டான். குன்றுக்கு அந்தப் பறவையின் பெயரை வைத்தான். அவன் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவன் நல்ல எழுத்தாளன். கண்ணால் கண்டது ஒன்று, காதால் கேட்டது ஒன்று. இரண்டு சொல்லில் ஓர் ஊரையே காட்டிவிட்டான்.

இனி வழக்குக்கு வருகிறேன். அந்த ஸ்காட்லாந்து ஊர்க்காரர்கள் தங்கள் ஊரை எப்படி அழைக்கிறார்கள் தெரியுமா? பென்னிகுக்! எழுத்தில் என்னென்னவோ இருக்கும், நாக்கில் குக்தான். குடும்பப் பெயராக வழங்கும்போது அதைப் பல விதமாக எழுதியிருக்கிறார்கள். கேட்டபடியே எழுதியவர்களும் உண்டு, கண்டபடியே வாசித்தவர்களும் உண்டு. நம் ஊரிலும் போர்டுக்குப் போர்டு அது மாறுகிறது. பென்னிகுவிக், பென்னிகுயிக், பென்னிகுக் என்று மூன்று விதமாகவும் பார்க்கலாம். இவற்றில் படித்தவர்கள் திருத்துகிற கடைசி வடிவம்தான் குன்றுக்கு மிக அருகில் இருக்கிறது. கூலிக்குப் போன கம்பத்துக்காரர்கள் துரைமார்களும் மேஸ்திரிகளும் பேசியதைக் காதால் கேட்டுத்தான் பெயரை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். நாம் காகிதத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டோம். மேலும், தமிழில் ஒருவரைக் கூப்பிடும்போது கடைசி எழுத்தை நீட்டுவோம். தெருமுனையில் விளையாடும் மகனை அந்தத் தாய் சோற்றுக்குக் கூப்பிட்டால் "பென்னிகுக்கூ!" என்றுதான் கூப்பிடுவாள். குன்றில் கூவிய பறவை அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. தீர்ப்பு மாமனார் பக்கம். உபாத்தியாயர் என்னை மன்னிக்க வேண்டும்.

ஊர்ப் பெயர் ஒருவனுக்குக் குடும்பப் பெயராவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஊரை ஆள வேண்டும். அல்லது ஊரை விட்டுப் போக வேண்டும். மதுரையில் யாரையும் மதுரைக்காரர் என்று சொல்வதில்லை. அந்தக் குன்றின் நிலத்தைப் பழைய காலத்தில் வைத்திருந்த குடும்பம் அந்தப் பெயரையே பூண்டிருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் நிலம் கைமாறிக் கிளார்க் என்ற குடும்பத்துக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் அதைத் தாங்கியவர்களோடு ஊர் ஊராகப் போயிற்று. வைத்தியர்களாக, கவிகளாக, சிப்பாய்களாக அவர்கள் பல திசைகளில் பிரிந்தார்கள். நிலம் போனாலும் பெயர் போகவில்லை என்பது ஐரோப்பியக் குடும்பப் பெயரின் பெருமை. அதன் சோகமும் அதுவே.

நம் எஞ்சினீயர் 1841 ஜனவரி 15-ஆம் தேதி பிறந்தது பூனாவில். தகப்பனார் பட்டாளத்தில் பிரிகேடியர். அவர் பெயரும் ஜான்தான். 1849 ஜனவரி 13-ஆம் தேதி, பஞ்சாபில் சிலியான்வாலா என்ற இடத்தில் சீக்கியர்களோடு நடந்த போரில் அவர் இறந்தார். அதே போர்க்களத்தில் அவருடைய மகன் அலெக்ஸாண்டரும் இறந்தான். அவனுக்கு வயது 17. இளைய மகன் ஜானுக்கு எட்டாவது பிறந்த நாள் வர இரண்டே நாள் இருந்தது. தகப்பன் பெயரையும் குன்றின் பெயரையும் சேர்த்துச் சுமக்க, அந்த எட்டு வயதுப் பையன் மிஞ்சினான். அவனும் பிற்பாடு பட்டாளத்து எஞ்சினீயராகச் சென்னை மாகாணத்துக்கே வந்தான்.

அணைக்கதையைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே ஓடி அரபிக் கடலில் விழுகிற பெரியாற்றைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்ற எண்ணம் பென்னிகுக்குக்கு முதலில் தோன்றியது அல்ல. 1789-லேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதற்கு ஆள் அனுப்பிப் பார்த்தார். 1808-இல் கால்டுவெல் என்ற எஞ்சினீயர் மலையேறிப் பார்த்துவிட்டு, இது வெறும் கனவு என்று எழுதினார். (மொழி நூல் எழுதிய கால்டுவெல் வேறு, இவர் வேறு.) 1850-இல் ஒரு முயற்சி தொடங்கிக் காய்ச்சலால் நின்றது. பிறகு ரைவ்ஸ், ஸ்மித் என்று வரிசையாக யோசனைகள். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய பஞ்சத்துக்குப் பின் சர்க்காருக்கு உறைத்தது. 1882-இல் பொறுப்பு பென்னிகுக்கிடம் வந்தது. 1886-இல் திருவாங்கூரோடு 999 வருஷக் குத்தகை. 1887-இல் வேலை ஆரம்பம். 1895 அக்டோபர் 10-ஆம் தேதி கவர்னர் வென்லாக் திறந்து வைத்தார். அஸ்திவாரத்திலிருந்து 176 அடி உயரம்; சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் சேர்த்துக் கட்டிய சுவர். மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் சுரங்கம். அதன் வழியாக வந்த தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வைகையைச் சேர்ந்தது. இன்று இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இரு போகம் விளைகிறது.

இனிமேல் சொல்லப் போவது என் குற்றம்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகையில் இந்த அணையை வைத்து நான் ஒரு சிறுகதை எழுதினேன். வெள்ளம் பாதிக் கட்டடத்தை அடித்துக்கொண்டு போகிறது. சர்க்கார் கையை விரிக்கிறது. துரை இங்கிலாந்துக்குப் போய்ச் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்றுப் பணத்தோடு திரும்பி வந்து அணையைக் கட்டி முடிக்கிறார். இது நான் கற்பித்தது அல்ல. மதுரைச் சீமையில் எல்லோரும் சொல்வது. நான் கற்பித்தது ஒரு வளையலை மட்டும். மனைவி கிரேஸ் எல்லா நகைகளையும் கொடுத்துவிட்டு, தாயார் கொடுத்த ஒரு வளையலை மட்டும் கழற்றத் தயங்குகிறாள். பிறகு அதையும் கழற்றுகிறாள். கதைக்கு நல்ல வரவேற்பு. கடிதங்கள் வந்தன.

அவற்றில் ஒன்று தேனிக்குப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பெண் எழுதியது. பேச்சுப் போட்டியில் அணையின் வரலாற்றைப் பேசி முதல் பரிசு வாங்கினாளாம். "நீங்கள் எழுதியிருந்த வளையலைப் பற்றிச் சொன்னபோது டீச்சர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்" என்று எழுதியிருந்தாள். வரலாறு என்றே எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தைப் பெருமையோடு நாலு பேருக்குக் காட்டினேன். அதற்குப் பதில் எழுதவில்லை. அந்த வளையல் இல்லவே இல்லை என்று அந்தப் பெண்ணுக்கு ஒரு கார்டு போட எனக்குத் தைரியம் வரவில்லை.

அணையின் செலவைக் கொடுத்தது சென்னை சர்க்கார். அணை வேலையில் இருந்த எஞ்சினீயர் மெக்கன்சி எழுதிய வரலாறு 1899-லேயே சென்னையில் அச்சாகியிருக்கிறது. நகை விற்ற கதை வாய்வழியாகத்தான் வாழ்கிறது, ஆவணத்தில் அல்ல. ஆனால் ஆவணம் இல்லை என்பதற்காக மட்டும் ஒரு கதையைத் தள்ளிவிட நான் சொல்ல மாட்டேன். நான் சரித்திரக்காரன் அல்ல. கதை என்கிற முறையிலேயே அது மோசமான கதை என்பதுதான் என் புகார்.

ஏன் மோசம்? அதில் கதாநாயகன் வேலை செய்வதில்லை, கொடுக்கிறான். நமக்கு ஒருவர் பெரியவர் என்று தோன்றிவிட்டால் உடனே அவரை வள்ளல் ஆக்கிவிடுவோம். முல்லைக் கொடிக்குத் தேர் கொடுத்தான் பாரி. முல்லை ஆற்றுக்கு நகை கொடுத்தார் துரை. இரண்டாயிரம் வருஷமாக நம்மிடம் இருப்பது ஒரே அச்சு. வெள்ளைக்காரரையும் அதிலேயே போட்டு வார்த்துவிட்டோம். இதனால் பாரிக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. எஞ்சினீயருக்குத்தான் நஷ்டம். கால்டுவெல் கனவு என்று தள்ளிய காரியத்தைக் கணக்குப் போட்டு நிஜமாக்கியவர் அவர். மழைக்காலம் வந்தால் போட்டதெல்லாம் போய்விடும் காட்டு ஆற்றில், காய்ச்சலுக்கும் யானைக்கும் நடுவில், எட்டு வருஷம் விடாமல் நின்றவர். இந்தப் பிடிவாதத்துக்கு முன்னால் ஒரு வளையல் எம்மாத்திரம்? கொடை கண்ணீரை வரவழைக்கும், வேலை வரவழைக்காது. நான் சுலபமான வழியில் போய்விட்டேன்.

இன்னொரு குற்றமும் உண்டு. வள்ளல் கதையில் இடம் ஒருவருக்குத்தான். கல்லைத் தூக்கியவர்களும் சுண்ணாம்பு அரைத்தவர்களும் அதில் வாங்கிக்கொள்பவர்களாக நிற்கிறார்கள். அவர்கள் வாங்கிக்கொண்டவர்கள் அல்ல. அணைக்குப் பக்கத்திலேயே அங்கே இறந்தவர்களைப் புதைத்த இடம் இருக்கிறது. சர்க்கார் வரலாறுகளில் எஞ்சினீயர்களுக்குப் பெயர் உண்டு. கூலிகளுக்கு எண்ணிக்கைதான் உண்டு. அண்மையில் அ. வெண்ணிலா இந்த அணையைப் பற்றி 'நீரதிகாரம்' என்று பெரிய நாவலே எழுதினார். ஆனந்த விகடனில் தொடராக வந்தது. இந்த மலைக்கும் ஆற்றுக்கும் சிறுகதையின் நாலு பக்கம் போதாது என்பதையாவது நான் முன்னமே உணர்ந்திருக்க வேண்டும்.

அப்படியானால் இந்தப் பள்ளத்தாக்கு ஜனங்களே ஏமாளிகள், பொய்க்கதையை நம்புகிறவர்கள் என்று சொல்கிறேனா? இல்லவே இல்லை. அவர்கள் வாயால் சொன்ன கதை சுமார்தான். செய்கையால் எழுதிய கதை அபாரமானது.

2013-இல் சர்க்கார் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் கட்டியது. 2022-இல் அவர் காலமான கேம்பர்லி நகரில் சிலை வைத்தது. இவை பணத்தால் ஆகக்கூடிய காரியங்கள். இவற்றுக்கெல்லாம் முன்பே இந்தப் பள்ளத்தாக்குக்காரர்கள் அவர் படத்தை வீட்டில் மாட்டிக்கொண்டார்கள். பாலார்பட்டியில் தை பிறந்தால் அவர் பெயரைச் சொல்லிப் பொங்கல் வைக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

பிள்ளைக்குப் பெயர் வைப்பது நம்மிடத்தில் சாதாரணக் காரியம் அல்ல. பேரன் என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பாருங்கள். அது பெயரன் என்பதன் தேய்வு. பாட்டன் பெயரைத் தாங்க வருகிறவன் என்று பொருள். நிலத்தில் பங்கு உண்டோ இல்லையோ, தன் பெயர் ஒரு குழந்தையின் மேல் திரும்பி வரும் என்பதுதான் ஏழைக் கிழவனுக்கு இருக்கும் ஒரே ஆஸ்தி. அந்த இடத்தை எடுத்து, எங்கோ கடலுக்கு அப்பால் ஒரு குன்றின் பெயரைத் தாங்கி வந்த மனிதருக்குக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளையின் பாட்டன் ஸ்தானத்தில் துரையை உட்கார வைத்துவிட்டார்கள். விற்றது யார், கொடுத்தது யார் என்று இப்போது சொல்லுங்கள்! நகை விற்ற கதையைத் துரையின் மேல் ஏற்றிச் சொன்னவர்கள், தாங்கள் செய்த கொடையைக் கவனிக்கவே இல்லை.

குன்றின் பெயர் ஊர்ப் பெயராயிற்று. ஊர்ப் பெயர் குடும்பப் பெயராயிற்று. குடும்பப் பெயர் தமிழ்ப் பிள்ளைக்குச் சொந்தப் பெயராயிற்று. நாளை அந்தப் பிள்ளைக்குப் பிள்ளை பிறந்தால், பள்ளிக்கூடப் பதிவேட்டில் அது 'பெ' என்று ஓர் எழுத்தாக நிற்கும். அதற்கும் அடுத்த தலைமுறையில் அதுவும் இராது. இருபது தலைமுறை சுமக்க வேண்டிய பெயரை நாம் இரண்டே தலைமுறையில் செலவழித்துவிடுவோம். எனக்கு இதில் குறை தெரியவில்லை. அன்பு வைத்த பெயரை அன்பு இருக்கும் வரை வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. குயில் தன் முட்டையைப் பிற பறவையின் கூட்டில் இடும் என்பது எல்லோருக்கும் தெரியும். குயில்முடியின் பெயரும் நம் கூட்டில் வந்து விழுந்த முட்டைதானே? நம் பெயர்களை அது தள்ளிவிட்டதா? இதற்குப் பறவை சாஸ்திரத்தில் ஒரு விஷயம் படித்தேன். ஐரோப்பியக் குயிலின் குஞ்சு, கண் திறக்கும் முன்பே கூட்டிலுள்ள மற்ற முட்டைகளை முதுகால் நெட்டித் தள்ளிவிடும். நம் ஊர்க் குயிலின் குஞ்சு பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை; காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளர்ந்துவிடுகிறது. நம்மிடம் வந்த பெயர் எந்த ஜாதி?

அந்தப் பஸ் பிரயாணத்தில் நான் இன்னும் சொல்லாத பகுதி ஒன்று இருக்கிறது. சின்னமனூரில் உபாத்தியாயர் இறங்கிப் போனார். பையன் தூங்கிவிட்டான். நான் அந்தப் பெண்ணிடம், "உங்க மாமனார் ஏன் இந்தப் பேரை வச்சார்?" என்று கேட்டேன்.

"அவுக பூட்டனார் அணை வேலைக்குப் போனவுக, சார். மலையில காச்ச கண்டு அங்கயே செத்துப்போனாகளாம். அந்த நெனப்புல வச்சது."

"அந்தப் பூட்டனார் பேர் என்ன?"

அவள் யோசித்தாள். பையனின் தலைமயிரை ஒதுக்கிவிட்டுக்கொண்டே மறுபடியும் யோசித்தாள். "அது தெரியலயே, சார்" என்றாள். அதைச் சொல்லும்போது, சற்று முன்னே உபாத்தியாயர் திருத்தியபோது வராத வெட்கம் அவள் முகத்தில் வந்தது. அதைப் பார்த்த எனக்கும் வெட்கமாக இருந்தது. துரையின் மனைவிக்கு நான் ஒரு வளையலையே செய்து மாட்டினேன். இந்தப் பூட்டனார் பெயரைக் கேட்க எனக்கு இத்தனை வருஷம் தோன்றவில்லை.

கம்பத்தில் இறங்கும்போது என் டெலிபோன் நம்பரைக் கொடுத்து, தெரிந்தால் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஊருக்கு வந்து, மறுபதிப்புக்குப் போகவிருந்த என் கதைத் தொகுதியிலிருந்து அந்தச் சிறுகதையை எடுத்துவிட்டேன். வளையலைப் பற்றி எழுதிய பெண்ணின் விலாசம் இப்போது என்னிடம் இல்லை. இந்தக் கட்டுரையை எங்கேயாவது அவள் படிக்க நேர்ந்தால், அதுவே என்னுடைய தாமதமான பதில்.

சித்திரை மாதத்தில் டெலிபோன் வந்தது. கூடலூரில் மாமனாரின் அத்தை ஒருவர் இருக்கிறாராம். தொண்ணூறு வயதாம். அந்தப் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெண் எனக்கு அதைச் சொன்னாள். இங்கே நான் எழுதப் போவதில்லை. அது அந்தக் குடும்பத்துச் சொத்து. அவள் மறுபடியும் கர்ப்பமாக இருந்தாள். பிறப்பது பையனாக இருந்தால் அந்தப் பெயரையே வைப்பதாக மாமனார் சொல்லிவிட்டாராம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூட்டில் இரண்டு குஞ்சும் சேர்ந்து வளரட்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

"பெண்ணாகப் பிறந்தால்?" என்று கேட்டு வைத்தேன்.

"பூட்டி பேரத்தான் வைக்கணும்" என்றாள். பிறகு சற்று நேரம் பேச்சில்லை. "அது அந்த அத்தைக்கும் தெரியலங்க, சார்."